லிசவேத்தாவை ஏன் மறந்துவிடுகிறீர்கள்?

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், நேரலையிலும் பார்த்திருப்பீர்கள். பேசியவரின் பெயரை இங்கே இழுக்க விரும்பவில்லை. ‘கதாநாயகன் ரஸ்கோல்னிகோவ் கொன்றது ஏழைகளின் ரத்தத்தை உறிஞ்சிய ஒரு வட்டிக்காரக் கிழவியை. அதில் சமூகத்துக்கு என்ன நட்டம்?’ என்று கேட்டார். கைதட்டினார்கள். நான் எழுந்து, ‘அப்படியானால் அதே கோடரியில் செத்த அவள் தங்கை லிசவேத்தா?’ என்றேன். ‘அது போகிற போக்கில் நடந்த விபத்து. சென்டிமென்ட் வேண்டாம், மையக் கேள்விக்கு வாருங்கள்’ என்று உட்கார வைத்துவிட்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

லிசவேத்தாதான் ஐயா மையக் கேள்வி.

கிழவியைக் கொல்ல அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. ஓர் உயிர் போனால் ஆயிரம் உயிர் பிழைக்கும், இது வெறும் கணக்குதானே என்று ஒரு மாணவன் மதுக்கடையில் சொல்வதைக் கேட்கிறான். அவன் மனதிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. சரி, கணக்கு முடிந்தது, கிழவியும் செத்தாள். அப்போது கையில் மூட்டையோடு அவள் தங்கை வந்து நிற்கிறாள். அக்காவிடம் அடி வாங்கிக்கொண்டு இராப்பகலாக உழைத்தவள். கோடரி ஓங்கியபோது முகத்தை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, இடது கையை மட்டும் லேசாகத் தூக்குகிறாள். கிழவியின் தலையில் விழுந்தது கோடரியின் பின்பக்கம். இவள் தலையில் இறங்கியது கூரான பக்கம். இவளை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

விபத்தாம். விபத்து என்றால் தஸ்தயேவ்ஸ்கி ஏன் அவளைத் திரும்பத் திரும்பக் கொண்டு வருகிறார்? காய்ச்சலில் கிடக்கும் ரஸ்கோல்னிகோவிடம் வேலைக்காரி நஸ்தாஸ்யா சொல்கிறாள்: லிசவேத்தாவையும் கொன்றுவிட்டார்கள், உன் சட்டையைக்கூட அவள் தைத்துக் கொடுத்திருக்கிறாளே. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, சுவரில் ஒட்டிய அழுக்கு மஞ்சள் காகிதத்தில் இருக்கும் ஒரு வெள்ளைப் பூவின் இதழ்களை எண்ண ஆரம்பிக்கிறான். அவன் மனம் திறந்து பேசும் ஏழைப் பெண் சோனியா, செத்துப் பிழைத்த லாசரஸின் பைபிள் கதையை அவனுக்கு வாசிக்கும் புத்தகம் லிசவேத்தா கொடுத்தது. சோனியாவிடம் அவன் உண்மையைச் சொல்லப் போகும்போது, கிழவியைக் கொன்றது யார் என்று சொல்வதாகச் சொல்லவில்லை. லிசவேத்தாவைக் கொன்றது யார் என்று சொல்கிறேன் என்கிறான். சொல்ல வரும் அந்தக் கணத்தில் சோனியாவும் இடது கையை அப்படியே நீட்டிப் பின்வாங்குகிறாள். இதற்கு மேல் எப்படி ஐயா ஒரு எழுத்தாளன் கோடு போட்டுக் காட்டுவான்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு அத்தை இருந்தாள். கல்யாணமாகாதவள், எல்லார் துணியையும் அவள்தான் தைப்பாள், கிழிசலை ஒட்டுப் போடுவாள். தாத்தா வீட்டைப் பாகம் பிரித்தபோது பெரியவர்கள் உட்கார்ந்து, அடி அங்குலம் பிசகாமல் நியாயமாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் திருப்தி. அத்தை எங்கே படுப்பாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் அடுப்படி வாசலில் காபி டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். அங்கே கெட்டவர்கள் யாரும் இல்லை, அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. நல்லவர்கள் போட்ட கணக்குதான் அது.

‘வறுமைதான் அவனைக் கொலைகாரனாக்கியது’ என்பார்கள். கதை நடக்கும் பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் வறுமையை யார் மறுத்தார்கள்? ஆனால் திருடிய பணப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல் கல்லுக்கடியில் புதைத்தானே. அதில் 317 ரூபிள் இருந்தது. பசிக்காகக் கொன்றவன் அப்படிச் செய்வானா? தஸ்தயேவ்ஸ்கி பிற்போக்குவாதி என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். 1849இல் மரண தண்டனை என்று அறிவித்துச் சதுக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டு, சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் நான்கு வருடம் விலங்கோடு கிடந்தவர். அவரை ஒரே வார்த்தையில் முடித்துவிட உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

உண்மையில் என்னைச் சுட்டது வேறொரு கேள்வி. ‘அப்பாவி செத்ததால்தான் உனக்கு வலிக்கிறது, அப்படியானால் கிழவியைக் கொன்றது சரியா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. ஒரு பேனைத்தானே கொன்றேன் என்று ரஸ்கோல்னிகோவ் சொன்னதும் சோனியா துடித்துப் போய், மனுஷப் பிறவி என்ன ஒரு பேனா, நசுக்கிப் போட என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி கிழவிக்கும் சேர்த்துத்தான். ஒருத்தியைப் பேன் என்று ஒத்துக்கொண்டால் கதவைத் திறந்துகொண்டு வரும் அடுத்தவளையும் வெட்டித்தான் ஆக வேண்டும். தஸ்தயேவ்ஸ்கியின் இன்னொரு நாவலான ‘கரமசோவ் சகோதரர்க’ளில் இவான் தன் தம்பி அல்யோஷாவிடம் அதையேதான் கேட்கிறான்: ஒரே ஒரு குழந்தையை வதைத்தால்தான் மனித குலம் முழுவதும் சந்தோஷமாக இருக்கும் என்றால் அந்தச் சந்தோஷக் கட்டடத்தைக் கட்டுவாயா? அல்யோஷா மாட்டேன் என்கிறான். நானும் மாட்டேன். அரங்கத்தில் கைதட்டியவர்கள் கட்டுவார்களா, அதை நேரடியாகச் சொல்லட்டும்.

இந்தப் பதிவை எடுத்துவிடச் சொல்லி உள்பெட்டியில் கேட்பவர்களுக்கு: எடுக்க மாட்டேன். விபத்து என்று சொன்னவர்கள் நாவலின் ஐந்தாம் பாகம், நான்காம் அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டு வரட்டும். பேசலாம்.