பாட்டா ஏறின பனை

போன வாரம் குடும்ப வாட்ஸப் குழுவில் துபாய் சித்தப்பா ஒரு வீடியோ போட்டார். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்துப் பனை ஒன்று, பின்னால் சாயங்கால வெயில், கூடவே ஒரு பழைய பாட்டு. கீழே 'அந்தக் காலம் திரும்ப வருமா?' என்று ஒரு வரி. பத்து நிமிடத்துக்குள் பன்னிரண்டு அழுகைப் பொம்மைகள் வந்து விழுந்தன. அதில் ஒன்று என்னுடையது. அப்புறம் போனைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீ கீழ நிண்ணு அக்கானி குடிச்சவன் மக்களே. ஏறினவனுக்க நெஞ்சப் பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். பாட்டாவின் நெஞ்சு மரத்தில் உரசி உரசிக் காய்த்துப்போய், தொட்டால் பழைய செருப்புத் தோல் மாதிரி இருக்கும். காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். இறக்கின அக்கானியை, அதாவது பதநீரை, கருப்பட்டியாகக் காய்ச்சுவது பாட்டியின் பாடு. புகைக்குள் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கிண்டி, பதம் தப்பாமல் சிரட்டையில் ஊற்ற வேண்டும். பாட்டிக்கு அந்த நாள் ஒன்றும் திரும்ப வர வேண்டாம். கருப்பட்டிக் காப்பி மட்டும் நேரத்துக்கு வேண்டும்.

ஊர் ஏக்கம் பேசும் எழுத்தோடு எனக்கு இருக்கிற சண்டையே இதுதான். போன ஊரை நினைத்து எழுதுவதில் தப்பே இல்லை. கீழே நின்று குடித்த ருசியை மட்டும் எழுதுகிறார்கள். ஏறியது யார், அந்த ஊர் எப்படிப் போச்சு என்பது வருவதே இல்லை.

நம் பழைய ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். புறநானூறு 243-ஐ எடுத்துப் பாருங்கள். ஒரு கிழவர் தன் சின்ன வயசை நினைக்கிறார். ஆற்றுத்துறையில் தண்ணீர்மேல் தாழ்ந்து கிடக்கும் மருதமரக் கொம்பில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, 'துடும்' என்று மடுவில் குதிக்கிறார். சும்மா குதிக்கவில்லை, அடி வரைக்கும் போய் மணலை அள்ளிக்கொண்டு மேலே வருகிறார். அடியைத் தொட்டதற்குச் சாட்சி அந்தப் பிடி மணல். குளத்தில் பந்தயம் கட்டி முங்கின எவனுக்கும் இது தெரியும். அடுத்த மூச்சிலேயே பூண் போட்ட கோலை ஊன்றி நடுங்கிக்கொண்டு, இருமலுக்கு நடுவே சில சொல் மட்டும் பேசும் இன்றைய கிழவரும் வந்துவிடுகிறார். பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் கோலை வைத்தே அவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம்.

அப்பா பாரியையும் அவர் ஆண்ட பறம்புக் குன்றையும் இழந்த பாரி மகளிர் பாட்டு ஐந்தே வரி. 'அற்றைத் திங்கள்' என்று தொடங்குவதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அவர்கள் நிலாவைப் பார்த்து உருகியதோடு விடவில்லை, குன்றைக் கொண்டவர்கள் முரசு அறைந்த வேந்தர்கள் என்று ஆளைக் காட்டிவிட்டுத்தான் நிறுத்துகிறார்கள்.

எங்கள் மாவட்டத்து நாவல்களில் எனக்குப் பிடித்தவையும் இந்த வழிதான். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் மரம் தானாகப் பட்டுப்போவதில்லை. வியாபாரப் போட்டியும் தேர்தலும் சேர்ந்து அதைச் சாகடிக்கின்றன. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964-இல் வந்தது. நொடித்துப்போன வீடு, அந்த வீட்டுப் பெண் லிஸி, பனையேறும் தங்கராஜ். படிக்கும்போது அந்தப் பழைய வீட்டின்மேல் நமக்கே ஒரு ஆசை வந்துவிடும். அதே வீட்டுப் பெருமைதான் லிஸியைப் படிப்பை நிறுத்தி உள்ளே உட்கார வைக்கிறது. ஆசையையும் அதன் விலையையும் ஒன்றாக வைத்திருக்கிறார். அதை நாலு தடவை படித்துவிட்டேன், இன்னும் சலிக்கவில்லை.

சரி, என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் விளையில் பதினொரு பனை நின்றது. பாட்டாவுக்கு மூட்டு போன பிறகு ஏற ஆளில்லை. அப்பா அவற்றைச் செங்கல் சூளைக்கு விறகாக விற்றார். அந்தக் காசில்தான் எனக்குக் காலேஜ் முதல் வருட ஃபீஸ் கட்டினார்கள். இதைச் சொல்லாமல் அழுகைப் பொம்மை போட்டதுதான் இப்போது உறுத்துகிறது.

ராத்திரி சித்தப்பாவின் வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். பனையின் கழுத்தைச் சுற்றிக் காய்ந்த ஓலைகள் கொத்தாகத் தொங்குகின்றன. ஆள் ஏறுகிற பனையில் அப்படித் தொங்காது.