ஒழுகிய கப்பலும் ஓ-ரிங்கும்

நாகப்பட்டினத்துக் கடல் என்றதும் நாம் நேரே ராஜேந்திர சோழனுக்குத் தாவிவிடுகிறோம். அதே கரைக்கு எதிரே 1746 ஜூலையில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த சண்டையைப் பேச ஆளில்லை. அதன் முடிவைப் பீரங்கி எழுதவில்லை, ஸ்பேர் பார்ட்ஸ்தான் எழுதியது என்பது என் கட்சி.

பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கொண்டுவந்த கப்பல்களில் ஒன்றுதான் அரசுப் போர்க்கப்பல். மற்றவை பீரங்கி ஏற்றிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சரக்குக் கப்பல்கள். வழியில் புயல் பாய்மரங்களை முறித்துப்போட்டது. மடகாஸ்கரின் அந்தோங்கில் விரிகுடாவில் ஒதுங்கி, காட்டில் மரம் வெட்டி, புதுப் பாய்மரம் நட்டு வந்தார். சண்டையில் அதிக அடி வாங்கியதும் அவர் பக்கம்தான். ஆனால் ஆங்கிலேயத் தளபதி பெய்டனின் பெரிய கப்பலான மெட்வே ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் திருகோணமலைக்கு விலகினார். ஆகஸ்டில் திரும்ப வந்தும் மோதாமல் வங்காளம் போய்விட்டார். செப்டம்பரில் மதராஸ் விழுந்தது.

பெய்டனைக் கோழை என்று திட்டுவது சுலபம். கலப்பத்து, அதாவது பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைத்த அடைப்பு, விட்டுப்போன கப்பலில் பீரங்கி வெடிக்க வெடிக்க அதிர்வில் பலகை இடுக்கு இன்னும் திறக்கும். பம்பு அடிக்க ஆள் போனால் பீரங்கிக்கு ஆள் இருக்காது.

சரக்குக் கப்பலில் பீரங்கி வைப்பது தளத்தில் நாலு போல்ட் முடுக்குகிற வேலை இல்லை. சுடும்போது பின்னுக்கு உதைக்கிற விசையைத் தாங்க அடியில் தூண் கொடுக்க வேண்டும், குண்டு வைக்கத் தனி அறை வேண்டும், பழகிய ஆள் வேண்டும். இத்தனை செய்தாலும் கவசம் கிடையாது. 1942 நவம்பர் 11-இல் இந்தியப் பெருங்கடலில் பீரங்கி ஏற்றிய ஜப்பானியக் கப்பல் ஹொகொகு மாரு அப்படித்தான் போனது. எதிரே டச்சு எண்ணெய்க் கப்பல் ஓந்தினா, நமது கடற்படையின் சிறு கப்பல் பெங்கால். ஓந்தினாவில் இருந்தது ஒரே 4 அங்குல பீரங்கி, 32 குண்டு. அதில் ஒன்று டார்ப்பிடோக் குழாய்ப் பக்கம் விழ, வெடித்து மூழ்கியது ஜப்பான் கப்பல்.

நீர்மூழ்கியில் இதெல்லாம் பத்து மடங்கு. நமது கல்வரி வகையில் 360 பேட்டரி செல்; ஒவ்வொன்றும் சுமார் 750 கிலோ. செல்கள் தொடராக இணைந்தவை என்பதால் ஒன்று இளைத்தால் மற்றவை அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யும். சூடேறும், ஹைட்ரஜன் கிளம்பும். இளைத்த செல்லைக் கண்டுபிடித்து, அதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாண்டி இணைப்புப் போட வேண்டும்.

தண்ணீர் உள்ளே புகாமல் அடைக்கிற சீல் விஷயம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சப்மெர்சிபிள் மோட்டார் 200 அடி தண்ணீருக்குள் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம். 300 மீட்டர் ஆழத்தில் 30 கிலோ. 1963-இல் அமெரிக்க நீர்மூழ்கி திரெஷர் 129 பேரோடு போனது. பற்றவைத்த கடல்நீர்க் குழாய் இணைப்பு விட்டிருக்கும் என்றே விசாரணை கருதியது. அதன்பிறகுதான் அங்கே முக்கியக் குழாய், வால்வு, போல்ட் ஒவ்வொன்றுக்கும் உலோகம் எங்கிருந்து வந்தது என்பது வரை காகிதம் கேட்டார்கள்.

இணைப்பில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்தான் ஓ-ரிங்; அதன் உறையில் ரப்பர் வார்த்த தேதி இருக்கும். காலம் கடந்தால் புதிதாகவே இருந்தாலும் குப்பைக்குத்தான். மாட்டுமுன் அது உட்காரும் காடியைத் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி, திருகு மறையின் கூர் கிழிக்காமல் இறக்க வேண்டும். கழற்றியதைத் திரும்பப் போடக் கூடாது, தட்டையாகியிருக்கும். நம்மூர் மோட்டாருக்கும் இதேதான். கடைவாசலில் வெயில் படத் தொங்கும் வளையத்தை வாங்குமுன் லேசாக இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள், முடி போல வெடிப்பு ஓடியிருக்கும்.