தோற்கத் தயார், திரும்ப நடக்கத்தான் தயாரில்லை

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே சண்டை: வீடியோ கேம் இவ்வளவு கஷ்டமாக இருக்கலாமா? செம்பூர், சயான், தாராவி, டோம்பிவிலி என்று மும்பை முழுக்கச் சிதறிக் கிடக்கும் பழைய கேம் பைத்தியங்கள் நாங்கள். ‘சில்க்சாங்’ கேமில் லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம் (வழிமறித்து நிற்கும் பெரிய எதிரி) அடி வாங்கி நொந்துபோன சயான் நண்பர் ஒருவர், "இதெல்லாம் அநியாயம்யா" என்று போட்டார். உடனே டோம்பிவிலி நண்பர், "முடியலைன்னா கேண்டி கிரஷ் விளையாடு" என்றார். அவ்வளவுதான், ராத்திரி ஒரு மணி வரைக்கும் யாரும் தூங்கவில்லை. நானும் என் பங்குக்கு அங்கே கத்திவிட்டேன். அங்கே எழுத முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கஷ்டமான கேம்தான் எனக்குப் பிடிக்கும். பட்டனைத் தட்டத் தட்ட எதிரி விழுந்துகொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிடும். ஆகவே கேம் என்னைத் தோற்கடிக்கிறதே என்று நான் அழவில்லை. தோற்ற பிறகு என்னிடமிருந்து எதை வசூலிக்கிறது என்பதுதான் என் கேள்வி. கஷ்டம் நியாயமா என்று பேசும்போது எல்லோரும் எதிரியின் பலத்தையே அளக்கிறார்கள். தோல்வியின் விலையை யாரும் அளப்பதில்லை.

2018-இல் வந்த ‘செலஸ்ட்’ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். மலை ஏறும் ஒரு பெண்ணின் கதை. விளையாடியவர்களுக்குத் தெரியும், விரல் ஒடிந்துவிடும். ஒரு முள்ளைத் தொட்டால் போச்சு. ஆனால் செத்த மறு நொடியே அதே திரையின் தொடக்கத்தில் நிற்கிறோம். பாட்டு கூட நிற்காது. எத்தனை முறை செத்தோம் என்ற எண்ணிக்கையைக் காட்டி, இதற்காகப் பெருமைப்படு என்று அந்தக் கேமே சொல்கிறது. கோபமே வராது. ஏனென்றால் பறிபோனது பத்துப் பதினைந்து நொடிதான், அதற்குள் என்ன தப்புச் செய்தோம் என்பதும் தெரிந்துவிடுகிறது.

இப்போது சில்க்சாங்குக்கு வருவோம். 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செரி என்ற சின்னக் குழுவின் வேலை. அழகில் குறை சொல்ல முடியாது. ஆரம்பத்தில் கதாநாயகிக்கு ஐந்து முகமூடிகள், அதுதான் உயிர், பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டைப் பிடுங்கிவிடும். மூன்று அடியில் ஆட்டம் முடிந்தது. இருக்கட்டும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த லாஸ்ட் ஜட்ஜிடம் தோற்றால், தூரத்தில் இருக்கும் பெஞ்சிலிருந்து (செத்தால் மறுபடி தொடங்கும் இடம் அதுதான்) எழுந்து, காற்றடிக்கும் பாறைகளின் மேல் தாவித் தாவி, துளைபோட்டுப் பாய்ந்து வரும் பூச்சிகளிடமிருந்து தப்பி, மறுபடி அவர் வாசலுக்கே போய் நிற்க வேண்டும். அந்த வழியில் கற்க வேண்டியதை ஏற்கெனவே கற்றாகிவிட்டது. பிறகு ஏன் ஒவ்வொரு தடவையும் அந்த வழி? "அதுவும் அனுபவம், பொறுமைக்குப் பயிற்சி" என்கிறார் டோம்பிவிலி நண்பர். ஐயா, பொறுமைக்குப் பயிற்சி தர எனக்கு ஹார்பர் லைன் லோக்கல் ரயில் இருக்கிறது. தினமும் காலையில் செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை ஒற்றைக் காலில் நின்று அந்தப் பாடத்தைப் படிக்கிறேன்.

வெளியான சில நாட்களிலேயே முதல் பேட்ச்சில், அதாவது திருத்தத்தில், மூர்விங், சிஸ்டர் ஸ்ப்லின்டர் என்ற இரண்டு ஆரம்பகால பாஸ்களைக் கொஞ்சம் தணித்தார்கள். என்னைக் கேட்டால் அவர்களை அப்படியே விட்டிருக்கலாம். வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்ச் போட்டிருந்தால் பாதிச் சண்டை அடங்கியிருக்கும்.

தோல்விக்கு இப்படி விலை வாங்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிரிப்புதான் வரும். தாராவி நைன்டி ஃபீட் ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு கேம் பார்லர் இருந்தது. உள்ளே மூன்று நான்கு இயந்திரங்கள், ஒரு ஃபேன், வியர்வை நாற்றம். எல்லோரும் அடித்துக்கொள்வது முஸ்தபா கேமுக்கு. காப்காம் 1993-இல் விட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’தான் அது. மஞ்சள் தொப்பிக்காரர் முஸ்தபாவின் பெயரே நம் நாட்டில் கேமின் பெயராக ஆகிவிட்டது. காசு போட்டால் உயிர், உயிர் போனால் மறுபடி காசு. சீக்கிரம் தோற்க வைத்தால்தான் கல்லா நிறையும். அந்தக் கால ஆர்கேட் இயந்திரங்களில் எத்தனை உயிர், எவ்வளவு கஷ்டம் என்பதைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. கூட்டம் அதிகமான விடுமுறை நாட்களில் முஸ்தபா சட்டென்று செத்துப்போவார் என்பது எங்கள் பசங்களின் பழைய சந்தேகம். நிரூபிக்க வழியில்லை, அண்ணாச்சியும் வாய் திறக்க மாட்டார்.

அதில் ஒரு நேர்மை இருந்தது. அது வியாபாரம், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், கேம் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. காசு போடும் துளையே இல்லாத டிவி கேமில் ஏன் மூன்றே உயிர்? ஏன் தோற்றால் முதலிலிருந்து? யாரும் கேட்கவில்லை. எல்லாக் கேமும் அப்படித்தானே இருந்தது.

உருவாக்கியவர்களுக்கே அது தாங்கவில்லை என்பதற்குச் சாட்சி நம் கையிலேயே இருந்தது. ‘கான்ட்ரா’ கேமில் முப்பது உயிர் வாங்க மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம் என்று அழுத்துவோமே, அந்த ரகசியக் குறியீடு கான்ட்ராவுக்காகப் பிறந்ததில்லை. 1986-இல் ‘கிரேடியஸ்’ கேமை வீட்டு இயந்திரத்துக்கு மாற்றிய கஸுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்க அது தனக்கே ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதென்று தனக்காகச் செருகிக்கொண்டது. அதே 1986-இல் ஜப்பானில் வந்த இரண்டாவது சூப்பர் மாரியோவை, மேற்கத்திய ஆட்கள் வெறுத்துவிடுவார்கள் என்று நின்டென்டோவின் அமெரிக்கக் கிளையே வேண்டாம் என்றது. வேறு ஒரு கேமின் கதாபாத்திரங்களை மாற்றி, 1988-இல் அதையே ‘சூப்பர் மாரியோ 2’ என்று அங்கே விற்றார்கள். அந்த ஜப்பான் மாரியோவில், உடம்புக்கு நல்லது என்று நம்பி ஓடிப்போய் எடுத்த காளான் விஷமாக இருந்தால் யாருக்குத்தான் வெறுப்பு வராது?

கஷ்டம் வேறு, வதை வேறு என்று எனக்குப் புரிய வைத்தது 2002-ஆம் வருடத்து ‘வைஸ் சிட்டி’. சைபர் கஃபேயில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடிய தலைமுறைக்கு அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷன் நினைவிருக்கும். கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்துக்குள் குட்டி ஹெலிகாப்டரை ஓட்டி நாலு குண்டு வைக்க வேண்டும், கடிகாரம் வேறு ஓடும். எதிரிகள் ஒரு பொருட்டே இல்லை. எதிரி கீபோர்டுதான். கஃபே கீபோர்டில் வலது பக்க நம்பர் சாவிகளில் பாதி வேலை செய்யாது, செய்பவற்றில் மீதி எழுத்தே அழிந்திருக்கும். அந்த மிஷனைத் தாண்டியவன் அன்றைக்குத் தெருவில் ஹீரோ என்பது உண்மை. ஆனால் அந்தத் திறமை அதற்கப்புறம் அந்தக் கேமில் எங்கே பயன்பட்டது, சொல்லுங்கள்?

சரி, இப்போதைய வாழ்க்கைக்கு வருகிறேன். எனக்கு வேலை பல்லார்ட் எஸ்டேட்டில், கஸ்டம்ஸ் கிளியரிங். வீடு செம்பூரில் ஒன் ஆர்.கே. தெரியாதவர்களுக்கு: ஒரு அறை, ஒரு அடுப்படி, அதற்குள் நாங்கள் எல்லோரும், கூடவே டிவியும். சாப்பாடு முடிந்து, மகளின் ஹோம்வொர்க் முடிந்து, மனைவியின் சீரியலும் முடிந்த பிறகு கன்ட்ரோலர் என் கைக்கு வரும். சத்தத்தைக் குறைத்துத்தான் விளையாட வேண்டும். எதிரி வாளை ஓங்கும் ஓசையை வைத்துத் தடுக்க வேண்டிய கேமில் அந்த ஓசையே எனக்குக் கிடையாது.

இந்த நிலைமையில் ‘எல்டன் ரிங்’ விளையாடுகிறேன். பெரிய பாஸ், பாதி உயிரைக் குறைத்துவிட்டேன். வாசல் மணி அடிக்கிறது. கீழ்வீட்டு ஆண்ட்டி, தண்ணீர் மோட்டார் சாவி கேட்டு. "ஏங்க, கொஞ்சம் எழுந்து பாருங்களேன்" என்கிறாள் மனைவி. நிறுத்த முடியாது! ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பட்டன் என்ற ஒன்று அந்தக் கேமில் ஒழுங்காக இல்லை. இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுத் தன்னந்தனியாக விளையாடினாலும் இல்லை. மெனுவுக்குள் போய் அதன் விளக்கப் பெட்டியைத் திறந்தால் எல்லாம் அப்படியே நிற்கும் என்று பின்னாளில் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். பட்டனை நேராக வைத்தால் கௌரவம் போய்விடுமா?

இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: நிறுத்த முடியாததுதான் பதற்றம், அதுதான் அதன் அழகு. அப்படியென்றால் அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2019-இல் விட்ட ‘செகிரோ’வில் ஏன் நிறுத்த முடிகிறது? கேட்டால் பலரும் எல்டன் ரிங்கை விட அதுதான் கடினம் என்பார்கள். துணைக்கு யாரையும் கூப்பிட முடியாது, லெவலை ஏற்றிக்கொண்டு வந்து அடிக்கவும் வழியில்லை. ஆனாலும் நடுச்சண்டையில் நிறுத்திவிட்டுச் சாவி கொடுத்துவிட்டு வரலாம். அதனால் செகிரோ சுலபமாகிவிட்டது என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த வருடம் சிறந்த கேம் விருதையும் அதுதான் வாங்கியது.

அந்தக் கேம்களின் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி மேல் எனக்குக் கோபமில்லை. துன்பம்தான் அந்த அனுபவத்துக்கு அர்த்தம் கொடுக்கிறது என்பது அவர் கட்சி. தானே நிறையச் சாகிற ஆள்தான் என்றும் சொல்லியிருக்கிறார், பிடித்திருந்தது. இன்னொன்று, குழுவில் யாரும் பேசாதது: எல்டன் ரிங்கில் பல பாஸ்களுக்கு அருகிலேயே மறுபடி எழுந்து நிற்க ‘மரிகாவின் தூண்’ ஒன்றை அவரே நட்டு வைத்தார். 2011 ‘டார்க் சோல்ஸ்’ காலத்து நீண்ட நடை அங்கெல்லாம் போய்விட்டது. எல்டன் ரிங்கின் பெயர்போன பாஸ் மலேனியா அதனால் இரக்கப்படவா ஆரம்பித்தாள்? அந்தக் கேம் மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆக, நடையைக் குறைத்தால் சுவை குறையும் என்ற வாதத்தை அதை உருவாக்கியவரே கைவிட்டுவிட்டார், நம் டோம்பிவிலி நண்பர் மட்டும் இன்னும் பிடித்துத் தொங்குகிறார்.

ஈஸி மோட் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. எனக்கு வேண்டாம், கேட்பவருக்குக் கொடுங்கள். கையில் பலம் குறைந்தவர், கண் மங்கியவர் விளையாடுவதால் என் வெற்றியில் ஒரு பைசா குறையாது. ‘ஹேடீஸ்’ கேமில் காட் மோட் என்ற சலுகையைப் போட்டால் முதலில் 20 சதவீதம் அடி குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம் கூடி 80-இல் நிற்கும். எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு என் மகளும் விளையாடுகிறாள், நான் போடாமல் விளையாடுகிறேன், வீட்டில் சண்டையில்லை. (அவள் என்னைவிட முந்திப் போய்விட்டாள் என்பது தனிக்கதை.)

கேண்டி கிரஷ் விளையாடு என்றாரே, அதற்கும் வருகிறேன். அந்தக் கேமில் ஐந்து உயிர், எல்லாம் போனால் ஒரு உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு. முஸ்தபாவின் காசுத் துளை பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது. 2017-இல் ‘பேட்டில்ஃபிரன்ட் 2’ வந்தபோது பெரிய கதாபாத்திரங்களைத் திறக்க மணிக்கணக்கில் உழைக்க வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்துப் பரிசுப் பெட்டி வாங்கு என்று வைத்து, ரசிகர்கள் கொதித்துப்போய், முதலில் விலையைக் குறைத்தார்கள், பிறகு பெட்டி விற்பதையும் நிறுத்தினார்கள். அதை வசூல் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். பணமாக வாங்கினால் வசூல், நேரமாக வாங்கினால் கலையா? செம்பூரில் சம்பளக்காரனுக்கு இரண்டில் எது குறைச்சலாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கமெண்டில் "கிட் குட்" (திறமையை வளர்த்துக்கொள் என்ற கிண்டல்) போட வருபவர்கள் தாராளமாகப் போடலாம், ஆனால் நான் கேட்பது இரண்டுதான் என்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள்: நிறுத்த ஒரு பட்டன், பாஸ் வாசலில் ஒரு பெஞ்ச். பாஸின் உயிரை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்புறம், லாஸ்ட் ஜட்ஜிடம் மாட்டியிருக்கும் சயான் நண்பருக்கு: முதலில் உங்கள் டிவி செட்டிங்ஸில் கேம் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் என்று பல டிவிகள் பட்டனுக்கும் திரைக்கும் நடுவே நூறு மில்லி நொடி வரை தின்றுவிடும். நொடிக்கு அறுபது ஃபிரேம், அதாவது அறுபது படம், ஓடும் கேமில் அது ஆறு ஃபிரேம். தாவியது நீங்கள், தாமதித்தது டிவியாக இருக்கலாம். அப்படியும் சரிவரவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், மகளிடம் கன்ட்ரோலரைக் கொடுத்துப் பார்ப்போம்.