காலர் ஏன் பெண் சிங்கத்தின் கழுத்தில்?

ராத்திரி ஏழு மணிக்கு வீட்டில் சீரியல் ஆரம்பித்ததும் நான் ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். தென்னாப்பிரிக்காவில் அப்போது பிற்பகல் மூன்றரை மணி. க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டியிருக்கும் சாபி சாண்ட் காட்டிலிருந்து சஃபாரி நேரலை வரும். சில வருஷமாக இதுதான் என் பொழுதுபோக்கு. இத்தனை நாள் பார்த்ததில் மனசில் சேர்ந்துபோன ஒரு எரிச்சலைத்தான் இன்று கொட்டப்போகிறேன்.

சிங்க ரசிகர்களுக்கு ஆண் சிங்கங்கள் மட்டும்தான் கண்ணில் படுகின்றன. ஆண்கள் சேர்ந்து திரியும் குழுவைக் கூட்டணி என்பார்கள்; எந்தக் கூட்டணி எந்தக் கூட்டணியை விரட்டியது, யார் யாரைக் கடித்துக் கொன்றார்கள், இப்போது இந்த ஏரியா யார் கையில் என்று ஒரே பேச்சு, வடசென்னை ரவுடி படத்துக்குக் கதை சொல்வது போல. தமிழில் வரும் வீடியோக்களும் அப்படித்தான், பின்னணியில் டிரம்ஸ் வேறு.

இவர்கள் அதிகம் பேசும் மபோகோ கூட்டணியின் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண் சிங்கங்கள். 2006 வாக்கில் சாபி சாண்டின் மேற்குப் பக்கம் நுழைந்து, வழியில் கிடைத்த ஆண்களையும் குட்டிகளையும் கொன்று, ஒரு பெரிய பரப்பையே கையில் வைத்திருந்தன. 2010இல் கிங்கி டெயில், மிஸ்டர் டி என்ற இரண்டும் சேர்ந்து, புதிதாக வந்த ஐந்து பேர் கொண்ட மஜிங்கிலானே கூட்டணியில் ஒன்றைக் கொன்றன. மீதி நாலும் வந்து கிங்கி டெயிலைத் தீர்த்துக்கட்டின. மிஸ்டர் டி 2012இல் இன்னொரு கூட்டணியிடம் மாட்டிச் செத்தது. மபோகோ ஆறும் கொன்ற சிங்கங்கள் மொத்தம் எத்தனை என்று கேட்டால் நாற்பது, எழுபது, நூறு என்று ஆளுக்கொரு கணக்கு. ஒவ்வொரு வீடியோவிலும் எண்ணிக்கை ஏறுகிறதே தவிர இறங்கிப் பார்த்ததில்லை.

சரி, இதில் எனக்கென்ன பிரச்சினை என்றால், இடம் யாருடையது என்பதிலேயே இவர்கள் கணக்கு தப்பு.

தான்சானியாவின் செரங்கெட்டியில் 1966இல் ஜார்ஜ் ஷாலர் தொடங்கிய சிங்க ஆய்வை 1978லிருந்து க்ரெய்க் பேக்கர் பல பத்தாண்டுகள் நடத்தினார். அங்கே ஒரு சிங்கக் கூட்டத்தைப் பின்தொடர ரேடியோ காலரை, அதாவது இருக்கும் இடத்தைச் சிக்னலில் காட்டிக்கொடுக்கும் கழுத்துப்பட்டையை, எந்தச் சிங்கத்துக்கு மாட்டினார்கள் தெரியுமா? கூட்டத்துக்கு ஒரு பெண் சிங்கத்துக்கு. காரணம் ரொம்ப எளிது. அவள் எங்கேயும் போகமாட்டாள். பாட்டி, அம்மா, சித்தி, மகள் என்று தலைமுறை தலைமுறையாக அதே நிலத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். ஆண்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷத்தில் விரட்டப்பட்டுவிடுவார்கள். வாடகைக்கு வந்தவர் பெயரில் பட்டா எழுதுகிற மாதிரி இருக்கிறது நம் ரசிகர்கள் செய்வது.

அந்த நிலத்திலும் நல்ல இடம் எது என்று பார்த்திருக்கிறார்கள். ஆறுகள் கூடும் இடம். கூடுதுறை என்று நாம் சொல்வோமே, அதுதான். அங்கே தண்ணீர் இருக்கும், பதுங்கப் புதர் இருக்கும், இரை தானாக வந்து சிக்கும். அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் கூட்டத்தில் குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன.

இன்னொன்று. 1990களில் அங்கேயே ஒலிபெருக்கி வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அறிமுகமில்லாத பெண் சிங்கத்தின் கர்ஜனையைப் போட்டால் அந்த இடத்துப் பெண் சிங்கங்கள் எதிர்த்துப் போவார்கள். ஒன்றுக்குப் பதில் மூன்று குரல் கேட்டால் தயங்குவார்கள், தங்கள் பக்கம் ஆள் அதிகம் இருந்தால் மட்டும் கிளம்புவார்கள். எண்ணிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்! ஊர்பேர் தெரியாத ஆணின் கர்ஜனை என்றால் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். தங்கள் குட்டிகளின் அப்பாக்கள் கத்தினால் கண்டுகொள்வதே இல்லை. புது ஆண் வந்தால் சின்னக் குட்டிகளைக் கொல்லும், அம்மா சீக்கிரம் மறுபடி இணைவதற்காக. தனக்கு இருப்பதே இரண்டு வருஷம், அதற்கு அவசரம்.

ஆண்களைப் பின்தொடரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் பார்க்கிறவன்தான். ஆனால் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பிடரி நிறத்தையும் தழும்பையும் வைத்து அடையாளம் சொல்வது பாதி ஏமாற்று வேலை; பிடரி வருஷத்துக்கு வருஷம் மாறும், தழும்பு கூடிக்கொண்டே போகும். மாறாதது மீசை முளைக்கும் புள்ளிகள். பக்கவாட்டு முகத்தை நிறுத்திப் பாருங்கள், புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடும், மேலே தனியாக ஒன்றிரண்டு நிற்கும். அவை கீழ் வரிசையின் எந்தப் புள்ளிக்கு மேல் நிற்கின்றன என்பதுதான் அந்தச் சிங்கத்தின் கைநாட்டு. இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் வேறு மாதிரி. 1970லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எண்ணி உட்கார்ந்திருந்தேன், என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

'அண்ணன் தம்பி பாசம்' என்று கூட்டணியைப் பற்றி உருகுவதிலும் பாதிதான் உண்மை. நாலும் அதற்கு மேலும் இருந்தால் ரத்த சொந்தம். இரண்டு மூன்று பேர் என்றால் வழியில் சேர்ந்த அந்நியர்களாகவும் இருக்கலாம். நம்ம கிர் காட்டில் ஆய்வு செய்தபோது, கூட்டணிக்குள் ஆதிக்கம் செலுத்துபவருக்கே எழுபது சதவீதத்துக்கு மேல் இணைசேரும் வாய்ப்பு போகிறது என்று தெரிந்தது. சாப்பாட்டிலும் அவருக்குத்தான் அதிகம். பாசம் இருக்கலாம், பங்கு சமம் இல்லை.

ஆண்களைக் கண்காணிப்பது நிஜமாக உதவிய இடம் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்கா. அங்கே காலர் போட்ட ஆண் சிங்கங்களில் 72 சதவீதத்தைப் பூங்காவைச் சுற்றியிருந்த வேட்டைக்காரர்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள் என்று 2007இல் வந்த ஆய்வு சொன்னது. ஒரு ஆண் போனால் அந்த இடத்துக்குப் புதியவர் வருவார், குட்டிகள் சாகும், ஒரு தோட்டாவுக்கு விலை ஒரு சிங்கம் மட்டும் இல்லை. 2015இல் அங்கே காலர் போட்டிருந்த சிசில் என்ற ஆண் சிங்கத்தை ஒரு வேட்டைக்காரர் கொன்றபோது உலகமே அழுதது. அதன் கூட்டாளி ஜெரிகோ சொந்தத் தம்பிகூட இல்லை. அதையும் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு வதந்தி பரவியது, காலர் சிக்னல் நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துத்தான் உயிரோடு இருக்கிறது என்றார்கள். சிசிலின் குட்டிகளை ஜெரிகோ கொல்லவும் இல்லை.

நேற்று நேரலையில் ஆண் சிங்கம் ஒன்றும் வரவில்லை. மூன்று பெண் சிங்கங்கள் காய்ந்த ஓடை மணலில் மல்லாந்து கிடந்தன, அரைமணி நேரம் வால் நுனிகூட அசையவில்லை. 'எங்கே பாய்ஸ்?' என்று நாலு பேர் கேட்டுவிட்டுக் கழன்றுகொண்டார்கள். இருட்டும் நேரத்தில் ஒருத்தி எழுந்து புதர்ப் பக்கம் பார்த்து மெல்ல முனகினாள், உள்ளேயிருந்து குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்தன. நாலு வரை எண்ணினேன், அதற்குள் எங்கள் தெருவில் கரண்ட் போய் வைஃபை செத்துவிட்டது.