சோவியத்தில் ஒரு யூத ஜெப ஆலயம்கூட இல்லையா?

"நாத்திக சோவியத் யூனியனில் எழுபது வருஷம் ஒரு யூத ஜெப ஆலயம்கூடத் திறந்திருக்கவில்லை, வழிபட்டாலே மரண தண்டனை." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பெரும்பாலான ஆலயங்களை மூடியது உண்மைதான். கிளப்பாகவும் கிடங்காகவும் மாறியவை ஏராளம். ஆனால் மாஸ்கோவின் பெரிய ஜெப ஆலயம் ஸ்டாலின் காலத்திலும் இயங்கியது. 1948-இல் இஸ்ரேல் தூதராக வந்த கோல்டா மேயர் யூதப் புத்தாண்டுக்கு அங்கே போனபோது, ஆயிரக்கணக்கானோர் கூடி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தெருவை அடைத்து நிற்கும் அந்தக் கூட்டம், 1984-இல் இஸ்ரேல் வெளியிட்ட 10,000 ஷேக்கல் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கத்தில் கோல்டா. இஸ்ரேல் மத்திய வங்கியின் இணையதளத்தில், பழைய நோட்டுகள் பகுதியில் நீங்களே பார்க்கலாம்.

சரி, சட்டம் என்ன சொன்னது? 1936 அரசியல் சாசனத்தின் 124-ஆவது பிரிவு வழிபாட்டுக்கும் உரிமை தந்தது, மத எதிர்ப்புப் பிரசாரத்துக்கும் தந்தது. மதப் பிரசாரத்துக்குத் தரவில்லை. சூட்சுமமே அங்கேதான். ஜெபிக்கலாம், பிள்ளைகளுக்கு ஹீப்ரு சொல்லிக்கொடுத்தால் வம்பு. 1960-களின் தொடக்கத்தில், பஸ்கா பண்டிகைக்கான புளிப்பில்லா அப்பத்தை அரசு பேக்கரிகளில் சுடுவதுகூட நின்றுபோனது.

மதத்தையே மொத்தமாகத் தடை செய்து எல்லா வழிபாட்டு இடங்களையும் மூடியது அல்பேனியா, 1967-இல். யாரோ இரண்டையும் குழப்பிவிட்டார்கள் போல. உங்கள் குரூப்புக்கு இது வந்தால் மேலே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.