டெக்சஸ் தீர்ப்பு எல்லாத் தளங்களுக்கும் அல்ல

டெக்சஸில் இனி எந்த இணையதளத்துக்குள் போனாலும் அடையாள அட்டை காட்ட வேண்டும், அமெரிக்க உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள்.

தீர்ப்பு வந்தது உண்மைதான்: 2025 ஜூன் 27, ஆறுக்கு மூன்று பெரும்பான்மை. ஆனால் அது உறுதிசெய்த எச்.பி. 1181 என்ற டெக்சஸ் சட்டம் எல்லாத் தளங்களையும் தொடவில்லை. உள்ளடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறார்களுக்குத் தீங்கான பாலியல் விஷயங்களை வெளியிடும் வணிகத் தளங்கள்தான் பார்வையாளரின் வயதைச் சரிபார்க்க வேண்டும். செய்தி நிறுவனங்களுக்கும் தேடுபொறிகளுக்கும் அதிலேயே விலக்கு உண்டு.

வயதுவந்தோரின் பேச்சுரிமைக்கு இது சுமை என்று கவலைப்படுவது வேறு விஷயம். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி எலீனா கேகனே இந்தச் சட்டத்தை நீதிமன்றம் சோதிக்க இன்னும் கடுமையான அளவுகோல் வேண்டும் என்றார். அதைப் பேசலாம், சட்டத்தில் இல்லாததைச் சேர்க்காமல்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? உச்ச நீதிமன்ற இணையதளத்தில் 23-1122 என்ற வழக்கு எண்ணைத் தேடுங்கள். தீர்ப்பு இலவசம், தொடக்கச் சுருக்கத்திலேயே 'குறிப்பிட்ட சில வணிகத் தளங்கள்' என்றுதான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு வரம்பைப் பார்க்க டெக்சஸ் சட்டமன்றத் தளத்தில் எச்.பி. 1181 என்ற மசோதா எண்ணைக் கொடுக்கலாம். அப்புறம், 2023-இல் நடந்த 88-ஆவது கூட்டத்தொடரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அதே எண்ணில் வேறு ஏதாவது மசோதா வந்து நிற்கும்.