நியமன உறுப்பினர்தானே?

பிறந்தநாளான ஜூலை 30 வந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படம் என் பக்கமெங்கும் வரும். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் என்பார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைச் சொல்வார்கள், 1956-ல் வந்த பத்மபூஷணைச் சொல்வார்கள். சட்டசபைக்குள் போய் என்ன செய்தார் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

போன முறை இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "ஓட்டு வாங்கி வந்தவர் இல்லையே, நியமன உறுப்பினர்தானே?"

உண்மைதான். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921-லேயே கிடைத்துவிட்டது. உறுப்பினராகும் உரிமை 1926-ல்தான் வந்தது. அந்த ஆண்டே கமலாதேவி சட்டோபாத்யாய் தேர்தலில் நின்று மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். முத்துலட்சுமி நியமனத்தில் உள்ளே வந்தார். ஆனால் 1927-ல் அவரைத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது அந்தச் சபைதான். சுற்றிலும் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

சிறுமிகளைக் கோயிலுக்குத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து அவர் தீர்மானம் கொண்டுவந்தது பலருக்குத் தெரியும். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது 1929-ல் வந்த சட்டத் திருத்தத்தை. கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். அப்படியிருக்க, ஒரு தாயிடம் போய் "பெண்ணுக்குப் பொட்டுக் கட்டாதே" என்று உபதேசம் செய்து என்ன பயன்? இந்து அறநிலையச் சட்டத்தில் செய்த அந்தத் திருத்தம் நிலத்தையும் ஊழியத்தையும் பிரித்துவிட்டது. நிலம் அவர்களிடமே இருக்கும், ஊழியம் செய்ய வேண்டியதில்லை. மேடையில் எத்தனை பேர் எவ்வளவு முழங்கினாலும் அவிழாத முடிச்சு அது. சட்டம் தெரிந்த ஒருவர், வயிற்றுப்பாடும் தெரிந்த ஒருவர்தான் அங்கே கை வைத்திருக்க முடியும். அவருடைய தாயார் சந்திரம்மாளும் அந்த மரபில் வந்தவர்தான்.

எதிர்ப்பு பழமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்களும் எதிர்த்தார்கள். எங்கள் கலை என்ன ஆகும், சொத்துரிமை என்ன ஆகும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நியாயமில்லை. அந்தப் பெண்கள் இழந்ததும் அதிகம். ஆனால் பொட்டுக் கட்டப்பட்டவர்கள் வேண்டும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத சிறுமிகள். அந்த இடத்தில் நான் முத்துலட்சுமி பக்கம்தான்.

1930-ல் காந்தி கைதானதும் பதவியை உதறினார். பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்ய அவர் கொண்டுவந்த மசோதா கிடப்பில் கிடந்தது. அதே ஆண்டு, பொட்டுக் கட்டுதலுக்குத் தப்பி மூன்று சிறுமிகள் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தார்கள். விடுதியில் சேர்க்க முயன்றார். இடம் தர மறுத்தார்கள். தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம்.

சபையில் அவர் இருந்தது நான்கு ஆண்டுகள்கூட இல்லை. அந்தத் தடை சட்டமானது 1947-ல். அப்போது அவருக்கு வயது 61.